செல்லச் சொல்லும் நம் சினமும்

வாயினின்று பிறக்கும் சொல் காற்றோடு கலந்து மறைந்துவிடுவதில்லை. கேட்டவர் நெஞ்சிலும் சொன்னவர் நெஞ்சிலும் அது வித்தாக விழுகின்றது. ஆதலின்தான் பகவான் புத்தர் எண்வகை நெறியில் நற்காட்சிக்கும் நல்லெண்ணத்துக்கும் அடுத்து நல்வாய்மையை வைத்தார். பொய், கோள், கடுஞ்சொல், பயனில் சொல் ஆகிய நான்கையும் விலக்குக என்றார். இந்நான்கும் மனிதர் மனிதரோடு பேசும் பேச்சைக் குறித்தன என்றே நாம் பெரும்பாலும் கொள்கிறோம். ஆயினும் மனிதன் மனிதரிடம் மட்டுமா பேசுகிறான்? மாட்டிடம் பேசுகிறான், நாயிடமும் பூனையிடமும் கிளியிடமும் பேசுகிறான். அப்பேச்சுக்கும் நெறி உண்டா? அப்பேச்சைக் கேட்டு எரிச்சலுறும் அயலார்க்கும் நெறி உண்டா? இவையே ஈண்டு நாம் ஆராயப் புகுந்த வினாக்கள்.

சித்தூரிலும் திருப்பதியிலும் மாலைப் பொழுதில் தெருவழி நடப்போர் இதனைத் தம் செவியாலேயே கேட்கலாம். முன்னாளில் வீட்டு நாய்க்கு மணி, டைகர், டாமி, ஜிம்மி என்று ஒரு பெயர் இருந்தது, வேளைக்கு ஒரு பிடி சோறு இருந்தது, அவ்வளவே. இன்றோ ஒரே நாய் 'புஜ்ஜி' என்றும், 'பங்காரம்' என்றும், 'பட்டுக்குட்டி' என்றும், 'செல்லப் பாப்பா' என்றும் நாழிகைக்கு ஒரு பெயர் பெறுகின்றது. அதற்கு இடும் சோறு தமிழ் வீட்டில் 'மம்மு' ஆகின்றது. தெலுங்கு வீட்டில் 'புவ்வ' ஆகின்றது. உணவிடும் அம்மையார் தம்மை அதன் 'மம்மி' என்று கூறிக்கொள்கிறார். கணவரைச் சுட்டி, 'நைனாகிட்ட போ' என்கிறார். ஆங்கிலம் பயின்ற இளைஞர் 'டாகோ' என்றும் 'ஃபர் பேபி' என்றும் கொஞ்சுகின்றனர். தீவனம் விற்கும் நிறுவனங்களோ நாய் வளர்ப்போரை 'பெட் பேரண்ட்' என்று விளித்து, அப்பெற்றோர் பாசத்தை விலையாக்கி விற்கின்றன.

இவற்றைக் கேட்டு முகம் சுளிப்போர் நம்மிடையே பலர் உளர். நாயை நாய் என்றால் என்ன குறைந்துவிடும் என்று அவர்கள் கேட்கின்றனர். அவர்தம் வெறுப்பை ஆராய்ந்தால் அது மூன்று கிளையாகப் பிரிவது புலனாகும். இச்சொற்கள் மொழியைக் கெடுக்கின்றன என்பது ஒன்று. நாயைக் குழந்தை என்பது பொய் என்பது மற்றொன்று. மனிதனுக்குக் கிட்டாத இன்சொல் நாய்க்குக் கிட்டுகின்றதே என்பது மூன்றாவது. மூன்றும் ஒரே எரிச்சலாக நெஞ்சில் கலந்து கிடப்பதால், எது நியாயம், எது வெறும் பழக்கத்தின் முணுமுணுப்பு என்பது நமக்கே விளங்குவதில்லை. ஒவ்வொன்றாக எடுத்து நோக்குவோம்.

மொழி கெடுகின்றதா?

விலங்குகளின் இளமைக்குத் தமிழர் இட்ட பெயர்களைத் தொல்காப்பியத்தின் மரபியல் தொகுத்துரைக்கின்றது. குட்டி, குருளை, பறழ், கன்று, மறி, பார்ப்பு, பிள்ளை, மகவு, குழவி என அவை ஒன்பது. நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் இளையது குருளை. யானையின் இளையது குழவி. பசுவுக்கும் எருமைக்கும் அப்பெயர் பொருந்தும். குரங்கின் இளையதை மகவு என்னலாம். மக்களுக்கோ குழவி, மகவு என்னும் இரண்டே உரியன. ஆகவே மனிதக் குழந்தைக்கென்று நின்ற இரண்டு பெயர்களுள் ஒன்றை யானையும் மற்றொன்றைக் குரங்கும் பகிர்ந்துகொண்டன. அதனால் மனிதக் குழந்தை தாழ்ந்ததாக எவரும் கருதினாரில்லை. இன்றும் அணிற்பிள்ளை என்கிறோம், கீரிப்பிள்ளை என்கிறோம், தென்னங்கன்றையும் தென்னம்பிள்ளை என்கிறோம். தெலுங்கில் நாய்க்குட்டி 'குக்க பில்ல'. அந்தப் 'பில்ல' என்பதே சிறுமிக்கும் பெயர். விலங்கின் இளையதைப் பிள்ளைப் பெயரால் அழைத்தல் நேற்று ஆங்கிலத்தோடு கப்பலேறி வந்த வழக்கம் என்பார் கூற்று இதனால் நில்லாது போகின்றது.

இன்னும் ஒன்று. சித்தூர்ச் சீமை இரு மொழி வழங்கும் நிலம். 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. எல்லைக் கோடு நிலத்தைப் பிரித்ததேயன்றி நாவைப் பிரிக்கவில்லை. சித்தூர்க் கடைத்தெருவில் படுத்திருக்கும் ஒரே நாயைத் தமிழர் நாய் என்பர். தெலுங்கர் குக்க என்பர். உருது பேசுவோர் குத்தா என்பர். நாய் மூவர் போடும் ரொட்டியையும் தின்கின்றது. மஜ்ஜிம நிகாயத்தில் அரணவிபங்க சூத்திரம் என்று ஒன்று உண்டு. பூசல் விளைவிக்காத பேச்சைப் பற்றியது அது. உண்கலம் ஒன்றையே ஒரு நாட்டார் பாதி என்பர், ஒரு நாட்டார் பத்தம் என்பர், ஒரு நாட்டார் சராவம் என்பர். இதுவே மெய், மற்றவை வீண் என்று எவரும் பிடிவாதம் கொள்ளலாகாது என்று பகவான் அங்கே உணர்த்துகின்றார். பொது வழக்கை மீறிப் பாயவும் வேண்டா, தம் நாட்டு வழக்கைக் கட்டிப் பிடித்துச் சண்டையிடவும் வேண்டா என்பது அதன் சாரம். பிறர் வீட்டு முற்றத்தில் ஒலிக்கும் 'புஜ்ஜி' என்னும் சொல்லைக் கேட்டுக் கொதிப்போர் இவ்வுரையை நினைவிற் கொள்ளல் நன்று. இச்சொற்கள் சபையில் பேசவோ நூலில் எழுதவோ வந்தவையல்ல; முற்றத்தில் பிறந்து முற்றத்திலேயே அடங்குபவை. அவற்றால் தமிழுக்கு வரும் கேடு சிறிது. முதற் கிளை இவ்வளவில் முறிகின்றது.

பொய் ஆகுமா?

நாயைக் குழந்தை என்றும் தன்னை அதற்குத் தாய் என்றும் கூறுதல் பொய்யுரை ஆகுமோ? பொய்யாவது, பிறரை ஏமாற்றும் எண்ணத்தோடு உள்ளதை இல்லதாகவும் இல்லதை உள்ளதாகவும் கூறுதல். நாயைப் 'பாப்பா' என்னும் அம்மையார் எவரையும் ஏமாற்றவில்லை. நாய் ஏமாறவில்லை, அயலார் ஏமாறவில்லை. தாயொருத்தி தன் ஒரே மகவைக் காப்பது போல எல்லா உயிர்களிடத்தும் எல்லையற்ற நெஞ்சை வளர்க்குமாறு மைத்திரிச் சூத்திரம் நம்மைப் பணிக்கின்றது. நாள்தோறும் அதனை ஓதிவிட்டு, ஓர் உயிரைத் தன் மகவாகக் கருதும் பெண்ணைக் கண்டு நகைத்தல் நமக்குப் பொருந்துமா? அவர் ஓருயிரில் தொடங்கியிருக்கிறார். எல்லா உயிர் வரை செல்ல வேண்டிய பாதையில் அது முதல் அடியாகவேனும் இருக்கலாம்.

மணிமேகலை படித்தோர் ஆபுத்திரனை அறிவர். ஈன்றவள் விட்டுச் சென்ற குழந்தைக்குப் பசு ஒன்று ஏழு நாள் பால் சுரந்து காத்தது. அதனால் அவன் பெயரே ஆபுத்திரன், பசுவின் மகன் என்றாயிற்று. வளர்ந்தபின், வேள்விக்கெனக் கட்டிவைத்த பசுவை அவன் இரவில் அவிழ்த்துக்கொண்டு போனான். பிடித்துக்கொண்ட அந்தணர் அவனை அடித்து, நீ ஆவின் மகனாதற்கே ஒத்தவன் என்று இழித்துரைத்தனர். அவன் நாணவில்லை. பசுவின் மகன், மானின் மகன், புலியின் மகன், நரியின் மகன் என்று கூறப்படும் முனிவர்களை அவர்களே போற்றுவதை எடுத்துக்காட்டி விடையிறுத்தான். மனிதனுக்கும் விலங்குக்கும் இடையே தாய்மகவு முறை பேசப்படுவதை இழிவென்று கொண்டவர் வேள்விக்காரர். இழிவன்று எனக் கண்டவன் அறவோன். நம் காப்பியம் எந்தப் பக்கம் நின்றது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இவ்விடத்தே ஓர் எச்சரிக்கை வேண்டும். 'குழந்தை' என்னும் சொல் பிறரை ஏமாற்றாவிடினும் சொல்வோரையே ஏமாற்றக் கூடும். அப்போது துன்புறுவது வாயில்லாப் பிராணி. குழந்தைக்குப் பிடிக்கும் என்று சாக்லேட்டை நாய்க்கு ஊட்டுவோர் உளர். அது நாய்க்கு நஞ்சு. வெங்காயமும் திராட்சையும் அவ்வாறே. குழந்தைக்கு உடுத்துவது போல நாய்க்குச் சட்டை தைத்து மாட்டுவோர் உளர். மனிதனைப் போல மேனி முழுதும் வியர்த்துக் குளிரும் வகை நாய்க்கு இல்லை, நாவை நீட்டி இளைத்தே அது தன் வெப்பத்தைத் தணிக்கின்றது என்பதை அவர் எண்ணுவதில்லை. கோடையில் 40 பாகை செல்சியசைக் கடக்கும் திருப்பதியில், பனி நாட்டில் வண்டி இழுக்கப் பிறந்த சைபீரிய ஹஸ்கி நாயை வாங்கி அடைத்துவைத்து, 'பங்காரம்' என்றழைத்தால் அப்பொன் உருகாமல் என் செய்யும்?

சித்தூர்ச் சீமைக்கே உரிய சான்று ஒன்றும் உண்டு. புங்கனூர்ப் பசு ஏறத்தாழ மூன்றடி உயரமே உள்ள குட்டை இனம். மழை குறைந்த அம்மேட்டு நிலத்தில் குறைந்த தீவனத்தில் வாழ்ந்து, கொழுப்பு மிக்க பாலும் தந்து, இலேசான உழவுக்கும் உதவியது. கலப்பினப் பசுக்கள் பெருகவே அது அருகி, மறையும் நிலையை எய்தியது. பலமநேரிலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையம் அதனைப் பேணி வந்தது. 2024 ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பிரதமர் தம் இல்லத்தில் இப்பசுக்களுக்குத் தீவனம் ஊட்டும் படங்கள் வெளிவந்தபின் நாடெங்கும் அதன் பெயர் பரவியது. இன்று நகர மாந்தர் சிலர் அதனை இலக்கக் கணக்கில் பொருள் கொடுத்து வாங்கி, கூடத்தில் உலவவிட்டு, பொம்மையைக் கொஞ்சுவது போலக் கொஞ்சுகின்றனர். அக்கொஞ்சலால் அழியவிருந்த இனத்துக்கு வாழ்வு கிடைத்தால் நன்றே. ஆனால் பசு மந்தையோடு மேயும் பிராணி. அதற்கு வேண்டுவது புல்லும், மண்ணும், தன் இனத்தின் துணையும். சலவைக்கல் தரையில் வழுக்கி நிற்கும் கன்றுக்குப் 'பட்டு' என்னும் பெயர் அவற்றை ஈடு செய்யாது.

ஆதலின் இரண்டாம் கிளைக்கு நாம் கூறும் விடை இது. செல்லச் சொல்லை அதனைத் தொடரும் கையைக் கொண்டே அளக்க வேண்டும். குழந்தை என்று அழைத்தவர், குழந்தைக்குச் செய்வது போலக் காலந்தவறாமல் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாரா? நோயுற்ற நாளில் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றாரா? அது கிழமாகிக் கண் மங்கிய பின்னும் அதே பெயரால் அழைத்தாரா, அல்லது ஓர் இரவில் வண்டியிலேற்றி ஊர்ப்புறத்தே இறக்கிவிட்டு வந்தாரா? கை தொடர்ந்தால் சொல் மெய். கை தொடராவிடில், எத்துணை இனிய சொல்லாயினும் அது பயனில் சொல்லே.

நந்திவிசாலன் கேட்ட கேள்வி

விலங்கிடம் பேசும் பேச்சைப் பற்றி நம் நூல்களில் உள்ள மிகச் சிறந்த கதை நந்திவிசால ஜாதகம். காந்தார நாட்டுத் தக்கசீலத்தில் ஓர் அந்தணன் கன்று ஒன்றைப் பெற்று, நந்திவிசாலன் எனப் பெயரிட்டு, கஞ்சியும் சோறும் ஊட்டித் தன் மகனைப் போல வளர்த்தான். காளையான நந்திவிசாலன், வளர்த்தவனுக்குக் கைம்மாறு செய்ய எண்ணி, நூறு பார வண்டிகளைத் தான் ஒருவனாக இழுப்பதாகப் பந்தயம் கட்டச் சொன்னது. ஆயிரம் பொன் பந்தயம். வண்டிகளை வரிசையாகக் கட்டி, காளையைப் பூட்டி, ஊரார் சூழ்ந்து நின்ற வேளையில், அந்தணன் தாற்றுக்கோலை வீசி, 'அடா கயவா, இழு' என்று அதட்டினான். காளை நான்கு கால்களையும் ஊன்றி அசையாது நின்றது. பந்தயம் தோற்றது. வீட்டில் துயருற்றுக் கிடந்தவனிடம் காளை வந்து வினவியது: நான் உம் வீட்டில் எப்போதேனும் ஒரு பானையை உடைத்தேனா, எவரையேனும் முட்டினேனா, தகாத இடத்தைக் கெடுத்தேனா? பின் என்னைக் கயவன் என்றது ஏன்? மறுமுறை இரண்டாயிரம் பொன் பந்தயம் கட்டி, அவன் அன்பாக அழைத்து முதுகைத் தடவியபோது நூறு வண்டிகளும் நகர்ந்தன. கடுஞ்சொல் பேசிய பிக்குகளைத் திருத்தவே பகவான் இக்கதையைக் கூறினார்.

இக்கதையில் நம் பொருளுக்கு வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அவ்வந்தணன் வீட்டினுள்ளே காளையை மகன் எனப் பேணினான். ஊரார் முன்னிலையில் கயவன் என்றான். தனிமையில் தந்த இன்சொல்லைச் சபையில் திரும்பப் பெற்றான். காளைக்கு வலித்தது அதுவே. இன்சொல்லின் மெய்ம்மை பிறர் முன்னிலையில் சோதிக்கப்படுகின்றது.

இக்கால ஆராய்ச்சியும் இதற்கு அணுக்கமாக வருகின்றது. 2016ஆம் ஆண்டில் ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்டில் ஆட்டிலா ஆண்டிக்ஸ் என்பாரும் அவர் குழுவினரும், அசையாமல் படுத்திருக்கப் பயிற்றப்பட்ட 13 நாய்களின் மூளையை, அவை பேச்சைக் கேட்கும்போது கருவியால் நோக்கினர். பாராட்டுச் சொல்லும் பாராட்டும் குரலும் ஒருங்கே அமைந்தபோதுதான் மகிழ்ச்சிக்குரிய மூளைப் பகுதி கிளர்ந்தது எனக் கண்டனர். பொருளற்ற சொல்லை இனிய குரலில் கூறினாலும், பாராட்டுச் சொல்லை உணர்ச்சியற்ற குரலில் கூறினாலும் அவ்வளவு கிளர்ச்சி இல்லை. வாய் ஒன்றும் நெஞ்சு ஒன்றுமாகப் பேசுவாரின் பேச்சு நாயின் உள்ளத்தையும் முழுதாகத் தொடுவதில்லை போலும். ஆகவே கொஞ்சு மொழி நாய்க்கு ஒன்றும் விளங்காது என்று நகைப்போரும், கொஞ்சிவிட்டால் போதும் என்று இருப்போரும் ஒருசேரத் தவறுகின்றனர்.

எவர்க்குக் கிட்டிய சொல்?

இனி மூன்றாம் கிளை. எரிச்சலின் ஆணிவேர் இங்கேதான் உள்ளது என்பது நம் கருத்து.

ஒரு வீட்டில் நாய்க்குப் 'பங்காரம்' என்று பெயர். அந்நாயைக் குளிப்பாட்டி, அதன் மலத்தை அள்ளி, அதன் தட்டைக் கழுவும் முதியவருக்குப் பெயர் 'ஒரேய்'. வீட்டுச் சிறுவன் கூடத் தன் பாட்டன் வயதினரை 'ஏம்ரா' என்கிறான். 'ரண்டி' என்று மரியாதையாக அழைக்கத் தெலுங்கில் வழி இல்லையா? 'வாங்க' என்னும் சொல் தமிழில் இல்லையா? உண்டு. அச்சொற்கள் அம்முதியவர் வாசலில் நிற்கும் போது மட்டும் நாவில் எழுவதில்லை. அவரைப் பற்றி விருந்தினரிடம் பேசுகையில், நம் வீட்டுப் பிள்ளை மாதிரி என்பார்கள். நந்திவிசாலனின் எசமானன் செய்ததும் இதுவே. நம் வாசகருள் பலர் தம் தந்தையரும் பாட்டன்மாரும் இத்தகைய முற்றங்களில் நின்றதைக் கேட்டு வளர்ந்தவர். அவர்க்குச் செல்லச் சொல் செவியில் விழுந்தவுடன் நெஞ்சு எரிவதேன் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இது வெறும் உணர்ச்சியன்று, சரித்திரம். 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் மக்கள் திரளோடு சென்று மகாடு நகரின் சவுதார் குளத்து நீரைப் பருகினார். அக்குளத்தில் மாடும் நாயும் நீர் பருகத் தடை இருந்ததில்லை. மனிதருள் ஒரு பகுதியார்க்கே தடை இருந்தது. விலங்கினும் கீழாக மனிதன் நடத்தப்படுவதை அவர் உலகறிய எடுத்துக் காட்டினார். நாயை அடித்து விரட்டுக என்று அவர் கேட்கவில்லை என்பதை உற்று நோக்க வேண்டும். தண்ணீர் அனைவர்க்கும் உரியது என்பதே அவர் கேட்டது.

பெயரின் வரலாறோ இன்னும் கொடிது. பறை என்னும் இசைக்கருவியினின்று பிறந்த சாதிப் பெயர் 17ஆம் நூற்றாண்டிலேயே 'பறையா' என்று ஆங்கிலத்தில் புகுந்து, ஒதுக்கப்பட்டவன் என்னும் பொருள் பெற்றது. பின்னர் அதே பெயரை இந்நாட்டுத் தெரு நாய்க்கு ஒட்டினர். வானில் வட்டமிடும் கரும்பருந்துக்கும் ஒட்டினர். விலங்குக்கும் பறவைக்கும் மனிதரின் பெயரை இட்டது அங்கும் நிகழ்ந்தது. ஆனால் அது கொஞ்சுதற்கன்று, ஒரு மக்கட் கூட்டத்தை இழித்தற்கு. உள்நாட்டிலும் பருந்துக்கும் பாம்புக்கும் சாதி பிரித்துப் பெயரிட்ட வழக்கம் இருந்தது. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவியவரும் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியவருமான அயோத்திதாசப் பண்டிதர், இப்பெயரீட்டை எடுத்துக்காட்டிக் கண்டித்து எழுதினார். பிராணியின் பெயர் சிறு செய்தியன்று என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

இங்கே ஒரு வியப்பு. அந்த இழிபெயரைத் தெரு நாயினின்று மெல்ல மெல்ல நீக்கி வருவது எது? பண்டிதர் சபையா? அகராதியா? அண்மைக் காலத்தில் நாய்ப் பிரியரான இளைஞர்கள் நம் நாட்டு நாயை 'இண்டி' என்று கொஞ்சி அழைக்கத் தொடங்கினர். நாம் எரிச்சலுறும் அதே செல்லச் சொல் வகையைச் சேர்ந்தது அது. எனினும் நாயின் மேலிருந்த பழியையும் மனிதரின் மேலிருந்த பழியையும் ஒருங்கே சிறிது துடைத்து வருகின்றது. பழைய சொல் கம்பீரமாக ஒலித்தது, நூல்களில் ஏறியது, ஆயினும் நஞ்சாக இருந்தது. புதிய சொல் மழலையாக ஒலிக்கின்றது. ஆயினும் எவரையும் குத்தவில்லை. ஓசையைக் கொண்டு சொல்லை எடை போடுவது எவ்வளவு பேதைமை என்பதற்கு இஃதொன்றே போதும்.

ஆகவே மூன்றாம் கிளை உண்மையானது. ஆனால் அதன் குறி பிழையானது. நாய்க்குக் கிட்டிய இன்சொல் முதியவரிடமிருந்து பறிக்கப்பட்டதன்று. நாயைப் 'பங்காரம்' என்றழைக்காத வீடுகளிலும் அவர் 'ஒரேய்' என்றே அழைக்கப்பட்டார். நாயினிடத்தும் கடுமை, மனிதரிடத்தும் கடுமை என்னும் வீடு நமக்கு எவ்வகையில் மேலாகும்? சோறு ஒருவர்க்கு இட்டால் மற்றொருவர்க்குக் குறையும். இன்சொல் அத்தகையதன்று, எடுக்க எடுக்க அது பெருகும். நாயிடம் இனிமையாகப் பேசும் நா, இனிமை பேச அறியாத நா அன்று என்பது உறுதியாகின்றது. அறிந்த நா ஏன் மனிதரிடம் மறுக்கின்றது என்று அவ்வீட்டாரைக் கேட்கும் உரிமை நமக்கு அதனால் வலுக்கின்றதேயன்றிக் குறைவதில்லை. பொது இடத்தில் சாதிப் பெயரால் இழித்தல் குற்றம் என 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் விதிக்கின்றது. கடுஞ்சொல்லைச் சட்டம் தண்டிக்கும். இன்சொல்லைப் பிறப்பிக்க அதனால் ஆகாது. அது மனப்பயிற்சியால் வருவது.

சினத்தை என் செய்வது?

எஞ்சி நிற்பது நம் எரிச்சல். அதனை அடக்கி விழுங்குக என்று நாம் கூற வரவில்லை. எரிச்சல் எழுந்தவுடன் அதனை மூன்றாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். சொல்லின் ஓசை மட்டுமே நம் செவியை உறுத்திற்றாயின், அது நம் பழக்கத்தின் குறை. புன்னகையோடு கடந்து செல்லலாம். பிராணியின் நலம் கெடுகின்றதாயின், எள்ளி நகையாடாமல், தக்க நேரம் பார்த்து, பயனுள்ளதை மெய்யாகவும் மென்மையாகவும் எடுத்துரைக்க வேண்டும். சாக்லேட் ஆகாது என்று கூறுவது அந்நாய்க்குச் செய்யும் மைத்திரி. மனிதர் இழிக்கப்படுகின்றாராயின், அங்கே வாய் மூடி இருத்தல் தகாது. ஆனால் பேச வேண்டியது அம்மனிதரைப் பற்றி. நாயின் பெயரை அங்கே இழுத்து வருவதால் பேச்சு திசை மாறுமேயன்றி நியாயம் பிறவாது.

இவற்றினும் முதன்மையான கடமை நம் வீட்டிலேயே உள்ளது. மனைவியை நாம் எச்சொல்லால் அழைக்கிறோம்? மகனுக்கும் மகளுக்கும் ஒரே இனிமையில் பேசுகிறோமா? குப்பை அள்ள வரும் பெண்மணிக்கு, 'அம்மா, வாருங்கள்' என்னும் சொல் நம் வாசலில் கிடைக்கின்றதா? சினங்கொண்டபோது நாய் என்றும் பன்றி என்றும் கழுதை என்றும் பிள்ளைகளை ஏசுகிறோமே, அப்போது மனிதரையும் அவ்விலங்குகளையும் ஒருங்கே இழிக்கிறோம் அல்லவா? நாயைக் குழந்தை என்போரை நகைக்கும் நாம், குழந்தையை நாய் என்பதை நாகரிகமாகக் கொண்டிருக்கிறோம். இவ்விரண்டனுள் எது பெரும் பிழை என்பதைப் பெரிய தத்துவம் பயிலாமலே எவரும் கூறலாம்.

அயலார் முற்றத்தில் ஒலிக்கும் செல்லச் சொல்லை நம்மால் நிறுத்த இயலாது, நிறுத்த வேண்டுவதுமில்லை. அச்சொல் நம் செவியில் விழும் ஒவ்வொரு முறையும், இத்தகைய இன்சொல் நம் வாயிலிருந்து இன்று எவர்க்கேனும் கிட்டியதா என்று நம்மையே வினவிக்கொள்வோமாக. கிட்டவில்லை எனில், நாள் முடியுமுன் ஒருவர்க்கேனும் அதனை வழங்குவோமாக. நாய்க்கு வழங்கிய வீட்டார் அதனை மனிதர்க்கும் வழங்கக் கற்கட்டும். மனிதர்க்கு வழங்கும் நாம் அதனைத் தெருவில் கிடக்கும் வாயில்லாப் பிராணிக்கும் மறுக்காதிருப்போம்.